ஏல இலையில் எத்தனை வைரஸ்? மூலக்கூறுக்கு எண் போட்டு எண்ணும் முறை

குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கம்பம், போடிக்காரர்களுக்குக் கட்டே நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நடுநரம்பிலிருந்து இலை ஓரம் வரை வெளிறிய பச்சைக் கோடுகள் ஓடும். தூர் வருடா வருடம் சிறுத்து, காய்ப்பு விழுந்துவிடும். இதற்குக் காரணமான ஏல மொசைக் வைரஸ் அசுவினி மூலமும், நோயுள்ள தூரிலிருந்து பிரித்து நடும் கிழங்கு மூலமும் பரவுகிறது. அதன் மரபுப்பொருள் சுமார் 8,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை.

இலையில் வைரஸ் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிச் செய்யும் சாதாரண பிசிஆர் (டிஎன்ஏ துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் முறை) போதும். அதற்கு மேல் செலவு செய்வது வீண். ஆனால் ஒரே இலையில் வைரஸின் இரண்டு மூன்று வகைத் திரிபுகள் (சில எழுத்துகள் மாறிய வடிவங்கள்) கலந்திருந்தால் எது எவ்வளவு என்று கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பிசிஆர் எல்லாவற்றையும் ஒரே சீராகப் பெருக்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முழுதாக இரட்டிக்கும் துண்டு 30 சுற்றில் சுமார் 107 கோடிப் பிரதியாகும். 90 சதவீதம் மட்டுமே பெருகும் துண்டு சுமார் 23 கோடியில் நின்றுவிடும். தொடக்கத்தில் சமமாக இருந்த இரண்டும் முடிவில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம் காட்டும். அந்தப் பிரதிகளை எண்ணி இலையைப் பற்றிப் பேசினால் அது பிசிஆரைப் பற்றிய பேச்சுதான்.

தீர்வு, பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் எண் போட்டுவிடுவது. சீட்டில் எண் போட்ட பிறகு ஜெராக்ஸ் எடுத்தால், பிரதி ஆயிரம் ஆனாலும் வெவ்வேறு எண்கள் எத்தனை என்று பார்த்து மூலச்சீட்டுக் கணக்கைச் சொல்லிவிடலாம். இங்கே எண் என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளை இஷ்டம்போல் கோத்த சிறு டிஎன்ஏ துணுக்கு. இதை யூஎம்ஐ என்கிறார்கள். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் ஸ்வான்ஸ்ட்ராமின் குழு எச்ஐவி வைரஸின் திரிபுகளை எண்ண 8 எழுத்துக் குறியைப் பயன்படுத்தியது. 2012-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் இதே வழியில் மூலக்கூறுகளின் முழு எண்ணிக்கையையே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

குறி எத்தனை எழுத்து நீளம் என்பதில் அலட்சியம் கூடாது. 8 எழுத்தில் 65,536 குறிகள் கிடைக்கும். 10,000 மூலக்கூறுகளுக்கு இதைப் போட்டால் தற்செயலாகவே சிலவற்றுக்கு ஒரே குறி விழும்; வெவ்வேறு குறிகள் சராசரியாக 9,274 மட்டுமே தெரியும். இந்தக் குறைவைக் கணிதத்தால் சரிசெய்யலாம். ஆனால் மூலக்கூறு எண்ணிக்கை குறிகளின் எண்ணிக்கையை நெருங்கிவிட்டால் திருத்தமும் நம்பத்தக்கதாக இருக்காது. 12 எழுத்தில் 1,67,77,216 குறிகள். 10,000 மூலக்கூறுகளுக்கு இது தாராளம்.

இலை விஷயத்தில் பாதி வேலை ஆர்என்ஏ எடுப்பதிலேயே இருக்கிறது. ஏல இலையில் பாலிஃபீனாலும் பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மங்களும் உண்டு. இரண்டும் பிசிஆரில் வேலை செய்யும் என்சைமை முடக்கும். 100 மில்லிகிராம் இளம் இலையைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, 2 சதவீதம் பிவிபி (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேர்த்த சிடிஏபி (செல்லை உடைக்கும் சோப்புப் போன்ற பொருள்) கரைசலில் 65 டிகிரியில் வைக்க வேண்டும். பிறகு குளோரோஃபார்ம் கொண்டு பிரித்து, லித்தியம் குளோரைடு சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் ஆர்என்ஏ படியும். கிடைத்ததை அப்படியே ஒரு தடவையும், பத்து மடங்கு நீர்த்து ஒரு தடவையும், அளவையும் காட்டும் பிசிஆரில் (கியூபிசிஆர்) போட்டுப் பாருங்கள். நீர்த்த பிறகு எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையாமல் அப்படியே நின்றால், முடக்கும் பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது. இதே சோதனை, எத்தனை மூலக்கூறு உள்ளே போகிறது என்ற உத்தேசக் கணக்கையும் தரும். 10,000 அளவுக்கு நீர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது குறி போடும் இடம். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துணுக்கான பிரைமரில் மூன்று பகுதிகள்: வைரஸில் ஒட்டும் சுமார் 20 எழுத்து, நடுவில் 12 எழுத்துக் குறி, வால்புறம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தொடர். ஓர் ஆர்என்ஏ இழையிலிருந்து ஒரே ஒரு டிஎன்ஏ இழை, அதில் ஒரே ஒரு குறி. பிசிஆருக்குப் பொதுத் தொடரில் ஒட்டும் பிரைமரைத்தான் போட வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மிஞ்சிய குறிப் பிரைமர் குழாயில் தங்கிவிட்டால் அது பிசிஆரிலும் ஒட்டி, பிரதிகளுக்குப் புதுப்புதுக் குறி போட்டுக்கொண்டே போகும். ஒரு மூலக்கூறு பத்தாகத் தெரியும். டிஎன்ஏ ஒட்டும் காந்தமணிகளைக் கொண்டு இரண்டு முறை கழுவி நீக்குவதே பாதுகாப்பு. மிச்சப் பிரைமரைத் தின்ன எக்சோநியூக்ளியேஸ் என்ற என்சைமைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆர்என்ஏ துணை போய்விட்ட ஒற்றை இழை டிஎன்ஏவையும் அது தின்றுவிடும்.

பெருக்கிய டிஎன்ஏவின் எழுத்துகளைக் கருவியில் வரிசையாக வாசிக்கும்போது ஒரு மூலக்கூறு சராசரியாகப் பத்து முறையாவது வாசிக்கப்பட வேண்டும்; 10,000 மூலக்கூறுக்கு ஒரு லட்சம் வாசிப்பு. வாசிக்கும் கருவியும் பிழை செய்யும். எழுத்துக்கு ஆயிரத்தில் ஒரு பிழை என்றாலே 12 எழுத்துக் குறியில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கெட்டுப்போகும். கெட்ட ஒவ்வொன்றும் இல்லாத மூலக்கூறாக எண்ணப்படும். உதாரணமாக ஏசிஜிடிடிஏஜிசிசிஏடிஜி என்ற குறி 612 முறையும், கடைசி எழுத்து மட்டும் மாறிய ஏசிஜிடிடிஏஜிசிசிஏடிஏ 4 முறையும் வந்தால், இரண்டாவது முதலாவதின் பிழைப்பிரதி என்று கொள்ளலாம். ஓர் எழுத்து மட்டும் வேறுபட்டு, பெரியதன் எண்ணிக்கை சிறியதன் இரு மடங்கில் ஒன்று குறைத்த அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால் இணைப்பது வழக்கமான விதி. 40 முறையும் 35 முறையும் வந்த இரு குறிகளை இணைக்கக் கூடாது; அவை இரு மூலக்கூறுகள்.

ஒரே குறியுள்ள வாசிப்புகளை ஒன்றாக வைத்துப் பெரும்பான்மை எழுத்தை எடுத்தால் பிசிஆர் பிழைகளும் வாசிப்புப் பிழைகளும் உதிர்ந்துவிடும். திரிபுகளை எண்ண இதுவே பெரிய லாபம். ஆனால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் அந்த முதல் படியில் நடந்த பிழை குறியோடு சேர்ந்தே பெருகும். அதைக் குறியால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 10,000 மூலக்கூறில் ஒன்றிரண்டில் மட்டும் தெரியும் எழுத்து மாற்றத்தைப் புதுத் திரிபு என்று அறிவித்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குறி விழாத மூலக்கூறு எண்ணப்படவே இல்லை. செடிக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லாத செயற்கை ஆர்என்ஏவில் 5,000 மூலக்கூறை அரைத்த மாவோடு கலந்துவிடுங்கள். அதற்கும் தனிக் குறிப் பிரைமர் போட்டு, நீர்த்த அளவையும் கணக்கில் எடுத்த பின் முடிவில் 1,000 குறி வந்தால், ஐந்தில் ஒன்றுதான் பிடிபட்டிருக்கிறது. வைரஸ் கணக்கையும் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையில் போட்ட இலை மலையிலிருந்து கம்பம் வெயிலுக்கு ஜீப்பில் இறங்கி வந்தால் ஆர்என்ஏ வழியிலேயே சிதையும். பிறகு கலக்கும் செயற்கை ஆர்என்ஏ அந்த இழப்பைக் காட்டாது. தோட்டத்திலேயே ஆர்என்ஏ காக்கும் திரவத்தில் இலையை நறுக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து வைரஸ் கலந்துவிட்டதா என்று பார்க்க, ஒவ்வொரு தொகுதியோடும் இலையே இல்லாத ஒரு வெற்றுக் குழாயையும் கடைசி வரை கொண்டுபோக வேண்டும்.