கவிழ்ந்த கயாக் எப்படி எழுகிறது?

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு கவிழ்ந்தால் அதிலிருப்பவர் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குவார். வெதுவெதுப்பான கடல் என்றால் வெளியே நழுவி நீந்திவிடலாம். கிரீன்லாந்துக் கரையோரத்தில் அது நடக்காது. தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியிருக்கும். இறங்கியவரின் கை சில நிமிடங்களில் மரத்துவிடும். அதனால் அங்குள்ள இனுயிட் வேட்டைக்காரர்கள் படகைவிட்டு வெளியே வராமலே நிமிர்ந்தெழக் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் கடல் கயாக் ஓட்டுபவர்கள் பழகும் 'ரோல்' அங்கிருந்து வந்ததுதான்.

பார்ப்பதற்கு இது தோள்பலத்தின் வேலை மாதிரித் தெரியும். அப்படியில்லை. நீருக்குள் இருக்கும்வரை உடம்பின் எடையைப் பெரும்பாலும் மிதப்பு விசையே தாங்கிக்கொள்கிறது. மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் வெளியே தூக்கினால், தலையின் நாலைந்து கிலோவும் சட்டென்று படகின் மேல் ஏறி, அதை மறுபடி கவிழ்த்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். உடம்பை நீரிலேயே மிதக்கவிட்டு, இடுப்பைத் திருகிப் படகை முதலில் நிமிர்த்த வேண்டும். அப்புறம் உடம்பு. தலை கடைசியில். கிரீன்லாந்து முறையில் ஆள் பின்தளத்தின் மேல் மல்லாந்து சாய்ந்தபடியே எழுவார். எடை படகு சுழலும் அச்சையொட்டித் தாழ்வாகவே இருப்பதால், அதைத் திருப்பக் குறைந்த விசையே போதும். இதற்கிடையே துடுப்பை லேசாகச் சாய்த்து நீர்ப்பரப்பில் வீசி இழுப்பார். அது விமான இறக்கையைப் போல மேல்நோக்கிய விசையைத் தரும்.

இந்த வித்தையை அதற்கான படகிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பழைய கயாக் அதை ஓட்டுபவரின் உடல் அளவுக்கே செய்யப்பட்டது. நீளம் விரித்த கைகளின் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, அகலம் இடுப்போடு மூடிய இரண்டு கைமுஷ்டி. ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். துடுப்பு, விரித்த கைகளின் நீளத்தோடு ஒரு முழம். அதன் தட்டையான அலகின் அகலம் கைப்பிடிக்குள் அடங்கும். தொடைகளுக்கு மேலே வளைந்து செல்லும் குறுக்குச் சட்டத்துக்கு மசிக் என்று பெயர். தொடையை அதில் அழுத்தினால்தான் இடுப்பின் திருகல் படகுக்குப் போய்ச் சேரும். துயிலிக் என்பது சீல் என்ற கடல்விலங்கின் தோலாலான, தலைமூடியுள்ள அங்கி. முகத்தையும் மணிக்கட்டையும் சுற்றி இறுக்கி, அதன் கீழ்விளிம்பை, படகில் ஆள் உட்காரும் துளையைச் சுற்றிய வளையத்தில் கட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் புகாது. இதையெல்லாம் தைத்தவர்கள் பெண்கள். ஊசி தோலின் பாதிக் கனம் வரைதான் இறங்கும், மறுபக்கம் துளை விழாது. நூலாகப் பயன்பட்ட விலங்கின் தசைநாரோ நனைந்ததும் உப்பித் தையலை அடைத்துக்கொள்ளும். கயாக்கைப் பற்றிய பேச்சில் இந்தப் பெண்கள் போதிய அளவு வருவதில்லை என்பது என் எண்ணம்.

ரோலில் ஒரு வகை மட்டும் இல்லை. வேட்டையில் ஈட்டிக்கயிறு கையில் சிக்கலாம், துடுப்பு கைநழுவலாம். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு பதில் வேண்டும். துடுப்பு போனால், ஈட்டியை எறிய உதவும் நோர்சாக் என்ற சிறு பலகையைக் கொண்டே எழலாம். அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால். 1980களில் தொடங்கிய கிரீன்லாந்து கயாக் சங்கமான கான்னாத் கத்துஃபியாத் நடத்தும் போட்டிகளில், 30க்கும் மேற்பட்ட ரோல் வகைகளுக்குக் கிரீன்லாந்துப் பெயர்களோடு மதிப்பெண் உண்டு. ஒரு கையில் செங்கல்லைப் பிடித்தபடி எழுவது அவற்றில் ஒன்று. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுவது இன்னொன்று.

ஐரோப்பியக் கயாக்கர்கள் ஒரு ரோலை 'பவ்லாட்டா' என்கிறார்கள். எடி ஹான்ஸ் பவ்லாட்டா என்ற ஆஸ்திரியர் கிரீன்லாந்துக்காரர்களின் முறையைப் பற்றிப் படித்து, 1927இல் தானாகவே அதைப் பழகினார். பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால் பல தலைமுறைகளாக அதைச் செய்துவந்தவர்கள் இருக்க, படித்துப் பழகியவர் பெயர் நின்றது சரியில்லை. பிரிட்டிஷ்காரரான ஜினோ வாட்கின்ஸ் 1930-31 பயணத்தின்போது கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடமே நேரில் கற்றார். 1932இல் தனியாக சீல் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. காலிக் கயாக் மட்டும் கிடைத்தது.

இன்றைய ஃபைபர்கிளாஸ் கயாக்குகளில் மசிக் இருந்த இடத்தில் தொடைத்தாங்கிகள் இருக்கின்றன. துயிலிக் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் கிடைக்கிறது. சில கயாக்குகளின் உயரமான முதுகுச்சாய்வுதான் இடைஞ்சல். அது மல்லாந்து சாய விடாது. கிரீன்லாந்து ரோல் பழக நினைப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு, தாழ்வான பட்டையைப் பொருத்திக்கொள்கிறார்கள்.