"பாதி விலை"ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறவங்களே, ஒரு நிமிஷம்

நான் குடும்பங்களுக்கு சொகுசுக் கப்பல் பயணம் புக் பண்ணிக் குடுக்கற ஏஜென்ட். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஃபோன். ஆள் கப்பல்ல இருந்து இறங்கி ரெண்டு நாள்தான் ஆகுது. "மேடம், பேசாம நீங்க சொன்ன கப்பலுக்கே போயிருக்கலாம்"னு ஆரம்பிச்சார். நியாயமா எனக்கு சந்தோஷம் வந்திருக்கணும், கோவந்தான் வந்துச்சு, ஏன்னா இந்த வருஷம் இதே வசனத்த பேசற அஞ்சாவது ஆளோ ஆறாவது ஆளோ இவர், எண்ணறதையே விட்டுட்டேன்.

நடந்தது இதுதான். புருஷன், பொண்டாட்டி, பதினோரு வயசுப் பையன், ரெண்டரை வயசுப் பொண்ணு, ஏழு ராத்திரி. நான் ரெண்டு கப்பலுக்கு விலை போட்டு அனுப்பினேன். அவர் மூணாவதா ஒரு விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "இது பாதி விலைக்கு இருக்கே, நீங்க ஏன் சொல்லவே இல்ல"ன்னு கேட்டார், நான் பத்து வரில பதில் எழுதினேன், அத படிக்காமலே அவரே ஆன்லைன்ல புக் பண்ணிட்டார். அங்க போனா பாப்பாவ கிட்ஸ் கிளப்புல, அதாவது கப்பல்ல பிள்ளைங்கள பாத்துக்கற விளையாட்டு இடத்துல, சேத்துக்கல. மூணு வயசு முடிஞ்சிருக்கணும், டயப்பர் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. டயப்பர் போட்ட குழந்தைன்னு நீச்சல் குளத்துலயும் விடல. நர்சரி இருந்துச்சு, ஆனா மணிக்கணக்குக்கு காசு, அந்த இடமும் முன்னாடியே பிடிச்சு வெச்சவங்களுக்குத்தான். ஏழு நாளும் அம்மா ஒரு ஷிஃப்ட் அப்பா ஒரு ஷிஃப்ட்னு குழந்தைய தூக்கிட்டு காரிடார்ல நடந்திருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஷோ கூட பாக்கல. கடைசி நாள் பில் வந்தப்ப மொத்தம் நான் போட்டுக் குடுத்த விலையவே தாண்டிடுச்சு. "அந்த பில்ல பாத்ததுல இருந்து வீட்ல என்கூட பேச மாட்டேங்கறா மேடம்"ங்கறார். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

முதல்ல அந்த விளம்பர விலைய பத்தி பேசுவோம், இத எத்தன தடவ சொன்னாலும் யார் காதுலயும் ஏற மாட்டேங்குது. அங்க பெருசா போட்டிருக்கற நம்பர் உங்க குடும்பத்துக்கான விலை இல்ல. அது அந்தக் கப்பல்லயே மலிவான ரூம், அதாவது ஜன்னலே இல்லாத உள் ரூம், அதுவும் கூட்டமே இல்லாத ஏதோ ஒரு வாரத்துல. ரூமுக்கான விலையும் இல்ல, ஒரு ஆளுக்கான விலை. ஒரு ஆளுக்குன்னா தனியா போற ஒரு ஆளுக்கு இல்ல, ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கினா அதுல ஒருத்தருக்கு. துறைமுக கட்டணமும் வரியும் அதுல சேந்திருக்கா இல்லையாங்கறது நீங்க எந்த நாட்டு வெப்சைட்ல பாக்கறீங்கங்கறத பொறுத்தது. கலிஃபோர்னியா சட்டத்தால 2024 ஜூலைல இருந்து அமெரிக்க சைட்டுங்கள்ல பெரிய கம்பெனிகள் வரியையும் சேத்து காட்டறாங்க, மத்த இடத்துல அப்படின்னு நம்பிடாதீங்க.

அடுத்தது "குழந்தைங்களுக்கு இலவசம்". இத பாத்தாலே எனக்கு தல சுத்தும். ஒரு ரூம்ல முதல் ரெண்டு பேரும் முழு விலை, அது பெரியவங்களா சின்னவங்களாங்கற கேள்வியே கிடையாது. சலுகை, இலவசம் எல்லாம் அதே ரூம்ல மூணாவதா நாலாவதா படுக்கறவங்களுக்குத்தான். அதனால அம்மா மட்டும் ஒரு பிள்ளைய கூட்டிட்டுப் போனா அந்தப் பிள்ளை ரெண்டாவது ஆள், நாலு வயசா இருந்தாலும் பெரியவங்க காசு. மூணாவது நாலாவது ஆளுக்கு டிக்கெட் நிஜமாவே இலவசம்னு வெச்சாலும் துறைமுக கட்டணமும் டிப்ஸும் இலவசம் இல்ல. திரும்ப சொல்றேன், இலவசம் டிக்கெட்டு மட்டும்தான்.

அஞ்சு பேர் குடும்பமா? நாலு பேருக்கு மேல படுக்கற ரூம் எல்லாக் கப்பல்லயும் கொஞ்சமாத்தான் இருக்கும், சீக்கிரம் போயிடும். கிடைக்கலன்னா ரெண்டு ரூம், அதுல இருக்கற முதல் ரெண்டு ரெண்டு பேரும் முழு விலை. எங்க தொழில்ல ஒரு விஷயம், வெளிய யாருக்கும் தெரியாது: ரூம்ல கட்டில் காலியா இருந்தாக்கூட அந்தப் பகுதிக்கான லைஃப்போட் (ஆபத்துல தப்பிக்கற படகு) கணக்கு நிரம்பிட்டா சிஸ்டம் மூணாவது நாலாவது ஆள சேக்க விடாது. "ரூம் காலின்னு காட்டுதே, ஏன் மேடம் பேர் ஏத்த மாட்டேங்கறீங்க"ன்னு என்கிட்ட கத்தினவங்க உண்டு. நான் என்ன லைஃப்போட்ட இழுத்து நீட்டவா முடியும்.

இப்ப கப்பல் கம்பெனிகளுக்கு வருவோம். கார்ட்டூன் டிஸ்னிதான், அவங்களும் கப்பல் விடறாங்க, அத பத்தி ரெண்டு விதமான ஆளுங்க வருவாங்க. ஒருத்தர் "கொள்ளை விலை, பேரே எடுக்காதீங்க", இன்னொருத்தர் "பிள்ளைங்கன்னாலே டிஸ்னிதானே". ரெண்டு பேருமே கணக்குப் போட்டுப் பாத்ததில்ல. ஆமா, அதே பக்கம் போற மத்த கப்பல விட ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வரைக்கும் போறது சாதாரணம். ஆனா சோடா மாதிரி பானங்கள் சாப்பாட்டு நேரத்துலயும் குளத்துக்கிட்ட இருக்கற மெஷின்லயும் இலவசம், மத்த பெரிய கம்பெனிகள்ல அதுக்கு நாள் கணக்குல தனி பேக்கேஜ். கேசினோவே கிடையாது, அதனால சிகரெட் புகை நாறற ஹால தாண்டி பிள்ளைய கூட்டிட்டுப் போற வேலை இல்ல. நிறைய ரூம்ல டாய்லெட் தனியா குளிக்கற இடம் தனியா இருக்கும். இது ஒரு விஷயமான்னு கேக்கறவங்க நாலு பேர் ஒரே பாத்ரூமுக்கு காலைல நின்னு பாத்ததில்லன்னு அர்த்தம். சாப்பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் வேற ஹால், ஆனா பரிமாறறவங்க அதேதான், உங்க கூடவே வருவாங்க. ரெண்டாவது நாளே எந்தப் பிள்ளை எத தொட மாட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

ஆனா எல்லாருக்கும் டிஸ்னிதான்னும் சொல்ல மாட்டேன். பதிமூணு வயசு ஆகி, இளவரசி பொம்மைன்னாலே முகம் சுளிக்கற பையனுக்கு அந்த விலை குடுக்கறது தண்டம். அவனுக்கு ராயல் கரீபியன் கம்பெனி கப்பல். மலை ஏற சுவர், அலை மேல சறுக்கற மெஷின், ஐஸ் மேல ஷோ எல்லாம் டிக்கெட்லயே அடக்கம். 2024 ஜனவரில வந்த அவங்க கப்பல் ஐகான் ஆஃப் தி சீஸ் முழுக்க நிரம்பினா 7,600 பயணிங்க, ஏழு குளம், ஆறு சறுக்கு, கேக்கவே பிரமாதமாத்தான் இருக்கு, விலையும் அப்படித்தான். நான் என் கிளையன்ட்டுங்களுக்கு அதே கம்பெனியோட பழைய கப்பல்ல புதுப்பிச்ச ஒண்ணத்தான் முதல்ல காட்டுவேன். கிட்ஸ் கிளப் ஒரே மாதிரி, பிள்ளைங்க புதுக் கப்பல் பழைய கப்பல்னு பாக்கறதில்ல, பெத்தவங்கதான் ஃபோட்டோ போடறதுக்குப் பாக்கறாங்க. ராயல் கரீபியனோட கோகோகே தீவுல கடற்கரை, பெரிய குளம், சாப்பாடு எல்லாம் உண்டு, ஆனா அங்க தெரியுதே அந்த பெரிய வாட்டர் பார்க், அதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தனி டிக்கெட், விலை தேதிக்குத் தேதி மாறும். "தீவே அவங்களோடது, அப்புறம் எதுக்கு காசு"ன்னு கேட்டா நான் என்ன சொல்ல.

கார்னிவல்தான் பொதுவா விலை குறைவு, அத மட்டமா பேசறவங்க மேல எனக்குக் கோவம் உண்டு. மத்த பல இடத்துல மூணு வயசுல ஆரம்பிக்கற கிளப் அங்க ரெண்டு வயசுலயே ஆரம்பிக்குது, டயப்பரும் மாத்தி விடுவாங்க. மேல சொன்ன குடும்பத்துக்கு நான் போட்ட ரெண்டு விலைல ஒண்ணு இதுதான், காரணமும் எழுதித்தான் அனுப்பினேன். ராத்திரி சத்தம், பாட்டு, பார்ட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதுக்குத் தயாரா போங்க. அங்க ஓடற ரோலர்கோஸ்டருக்கு தனி காசு. எம்எஸ்சிங்கற கம்பெனில குழந்தைங்களுக்கான சலுகை நல்லாவே இருக்கும், மெடிட்டரேனியன் பக்கம் போனா பில் யூரோல வரும், அறிவிப்பு அஞ்சாறு மொழில வரும், ஒரே கப்பல்ல பல துறைமுகத்துல ஆள் ஏறி இறங்கிட்டே இருப்பாங்க. நார்வீஜியன் கம்பெனில பானம் இலவசம்னு வர்ற ஆஃபர மட்டும் உத்துப் பாருங்க, பானத்துக்கு விலை இருக்காது, ஆனா அந்த பேக்கேஜுக்கு வழக்கமா போடற விலை மேல 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் இருக்கும். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

டிப்ஸ மறக்கவே மறக்காதீங்க. "நாங்க டிப்ஸ் குடுக்க மாட்டோம்"னு ஒருத்தர் என்கிட்ட சொன்னார், அவங்க கேக்கவே மாட்டாங்க சார், உங்க கணக்குல தினமும் தானா ஏறிடும். ஆளுக்கு நாளுக்கு 16ல இருந்து 20 டாலர். 18னு வெச்சு நாலு பேருக்கு ஏழு நாள்னா 504 டாலர். பெரும்பாலும் பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே ரேட்டு, சில கம்பெனில கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு. விலை ஒப்பிடறப்ப இந்த 504 எங்க போச்சுன்னு யாரும் தேடறதே இல்ல. மதுபான பேக்கேஜ் எடுத்தா, பல கம்பெனில அதே ரூம்ல இருக்கற மத்த பெரியவங்களும் எடுத்தே ஆகணும், வீட்டுக்காரம்மா தொடாதவங்களா இருந்தாலும் சரி. வைஃபை, எத்தன ஃபோனோ அத்தன காசு.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி தயவு செஞ்சு ஒரு பேப்பர் எடுங்க. ரூம், வரி, டிப்ஸ், வைஃபை, பானம், நர்சரி, கரையில இறங்கி சுத்தறது, போக வர ஃப்ளைட், முந்தின நாள் ஹோட்டல், எல்லாத்தையும் உங்க குடும்பம் மொத்தத்துக்கும் கூட்டுங்க, தலைக்கு வகுக்காதீங்க. அன்னிக்கே காலைல ஃப்ளைட்ல இறங்கி மதியம் கப்பல் ஏறலாம்னு நினைக்காதீங்க, ஃப்ளைட் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது. பானம், வைஃபை மாதிரி தேவையானத ஏறறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, உள்ள போய் வாங்கினா பெரும்பாலும் கூட. ஏறறதுக்கு முன்னாடி அந்த பேக்கேஜ் விலை இறங்கினா பல கம்பெனில கேன்சல் பண்ணிட்டு திரும்ப வாங்கலாம், நான் வாரத்துக்கு ஒரு தடவ கிளையன்ட்டுங்களுக்குப் பாத்து சொல்வேன். டிஸ்னில கடைசி நேரத் தள்ளுபடிக்கு காத்திருக்காதீங்க, பெரும்பாலும் புக்கிங் திறக்கற நாள் விலைதான் அங்க கம்மி, மத்தவங்ககிட்ட காத்திருந்தா சில நேரம் பலன் உண்டு, ஆனா பள்ளி லீவு வாரத்துல எவன்கிட்டயும் அது நடக்காது.

பிள்ளைங்களோட பிறந்த தேதிய குடுங்க, "ரெண்டு சின்னதுங்க"ன்னு எழுதாதீங்க. கப்பல்ல வயசு கறாரா பாப்பாங்க, ஒரு வாரம் குறைஞ்சாலும் கிட்ஸ் கிளப்புல "அடுத்த வயசு குரூப்புல விடுங்க"ன்னு கெஞ்சி பிரயோஜனம் இல்ல. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைய பெரிய கம்பெனிகள் ஏத்தவே மாட்டாங்க, நீளமான கடல் பயணம்னா ஒரு வயசு ஆகியிருக்கணும். டயப்பர் குழந்தை இருந்தா அதுக்குன்னு தனி தண்ணி இடம் அந்தக் கப்பல்ல இருக்கான்னு கேளுங்க, கம்பெனில இருக்கான்னு இல்ல, அந்தக் கப்பல்ல.

அப்புறம் இன்ஷூரன்ஸ். செலவ குறைக்கணும்னா எல்லாரும் முதல்ல வெட்டறது இதத்தான். கப்பல்ல டாக்டர் இருப்பார், ஆனா காய்ச்சலுக்குப் பாத்தாக்கூட அது தனி பில், ஊர்ல நீங்க வெச்சிருக்கற சாதாரண பாலிசி நிறைய நேரம் அங்க செல்லாது. நடுக்கடல்ல இருந்து ஆள ஹெலிகாப்டர்ல இறக்க வேண்டி வந்தா அந்த பில்ல நான் இங்க எழுதி உங்கள பயமுறுத்த விரும்பல. வேணும்னா ஜன்னல் ரூம விட்டுட்டு உள் ரூம் எடுங்க, பானத்த விட்டுட்டு தண்ணி குடிங்க, இத மட்டும் வெட்டாதீங்க.