திரும்பி வரும் டிக்கெட்டை எடுப்பதற்கு முன்

பெங்களூர் அல்சூரில் பொது மருத்துவராக இருக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், இமயமலை ட்ரெக்கிங்குக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் ஐடியில் இருக்கும் நம் பிள்ளைகள். "ஒரு கையெழுத்துதான் டாக்டர், அஞ்சு நிமிஷ வேலை" என்பார்கள். ரத்த அழுத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்து முடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்னைக்குத் திரும்பி வர்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி பெங்களூர் வந்துடுவேன். திங்கக்கிழமை ஆபீஸ்."

ட்ரெக் முடிவது சனிக்கிழமை. நடுவில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஈசிஜியில் தெரியும் சின்னச் சின்ன மாற்றங்களைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்ததை பெங்களூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். இங்கிருந்து கிளம்பிப்போன குழு அது. 4,000 மீட்டருக்கு மேலே வானிலை மாற நேரம் பிடிக்காது. அப்போது கூடாரத்துக்குள்ளேயே ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம், அல்லது வந்த வழியே இறங்கலாம். இரண்டுக்குமே கையில் நாள் வேண்டும்.

உடம்பின் கணக்கும் நாள்கணக்குதான். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதற்கேற்ப மூச்சின் வேகம், சிறுநீரகத்தின் வேலை, ரத்தம் எல்லாம் மாறியாக வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்குங்கள் என்கிறோம். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட எங்கே படுத்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

இங்கிருந்து பலர் போகும், இமாச்சலில் உள்ள ஹம்ப்டா கணவாயை எடுத்துக்கொள்வோம். மணாலி சுமார் 2,050 மீட்டர். முதல் இரவு தங்கும் சிக்கா சுமார் 3,100. அடுத்த இரவு பாலு கா கேரா, ஏறத்தாழ 3,600. மூன்றாம் நாள் 4,270 மீட்டர் கணவாயைத் தாண்டி ஷியா கோருவில் கூடாரம். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, இறங்கிய கையோடு சிக்காவுக்குக் கிளம்பினால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறியிருப்பீர்கள். மணாலியிலேயே இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள். இன்னொன்று, கணவாயைத் தாண்டிவிட்டால் உடம்பு முடியாதவரைக் கீழே கொண்டுபோக மறுபுறம் சத்ரு என்ற இடத்தின் பக்கமாகத்தான் இறங்க வேண்டும். ஆகவே 'போகலாமா, வேண்டாமா' என்ற முடிவை பாலு கா கேராவில் எடுத்தாக வேண்டும். எந்தப் பாதையானாலும் அதில் இப்படி ஓர் இடம் எது என்று கிளம்புவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் மாரத்தான் ஓடுறவன் டாக்டர்" என்பார்கள். உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் மலைநோய் அதையெல்லாம் பார்ப்பதில்லை. திடமான உடம்புக்காரர்கள் வேகமாக ஏறுவதால் ஆபத்து கூடுவதும் உண்டு. ஊட்டியில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மா தனக்கு எதுவும் ஆகாது என்று உறுதியாகச் சொன்னார். மலையை விட்டு இறங்கிச் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும் என்று விளக்கியபோது அவர் முகம் வாடிப்போனது. கர்நாடகத்தில் இருக்கும் சாவன்துர்காவோ குமார பர்வதமோ ஏறுவது காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி, கட்டாயம் செய்யுங்கள். முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்குவதும் நல்லது, முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான். ஆனால் 1,700 மீட்டர் மலை உயரத்துக்குப் பழக்கிவிடாது.

மலைநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலிதான், அதை மறைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். என்னிடம் வரும் ஒரு தம்பி, "தலைவலின்னு சொன்னா முகாம்லயே விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்" என்று பிறகு சொன்னார். காலையும் இரவும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். மூன்றாம் இரவு இருமல், படுத்தால் மூச்சு முட்டல். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அதே கூடாரத்தில் படுத்திருந்த நண்பன் எழுந்து வழிகாட்டியைக் கூப்பிட்டு, விடியும்வரை காத்திருக்காமல் இருட்டிலேயே கைத்தாங்கலாக இறக்கியதால் பிழைத்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும், ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட அடி வைத்து நேராக நடக்க முடியாவிட்டாலும் உடனே இறக்குங்கள். ஒருபோதும் தனியாக அனுப்பாதீர்கள்.

தூக்கத்தில் சிலருக்கு மூச்சு சில விநாடி நின்று பிறகு வேகமாக வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பதறிப்போவார். உயரத்தில் இது மட்டும் இருந்தால் ஆபத்தில்லை. அதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ வேண்டவே வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தால் எண் குறைவாகத்தான் காட்டும், ஆளைப் பாருங்கள்.

மலைநோய் வராமல் தடுக்க உதவும் அசிட்டசோலமைட் மாத்திரையை, டயமாக்ஸ் என்றால் தெரியும், சிலருக்கு நானே எழுதித் தருகிறேன். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். நண்பன் கொடுத்தான் என்று வாங்கிப் போடாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்கவே கூடாது. குளிருக்குப் பயந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு டீ போடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வந்தது தெரியாமலே மயக்கம் போட்டுவிடும். பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நனைந்தால் எளிதில் காயாது. படுக்க மட்டும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், அதை நடக்கும்போது போடவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் தந்த சாட்டிலைட் போனை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அதற்குப் பதிலாக ஒரு தாளில் எந்த இரவு எந்த முகாம், வழிகாட்டியின் எண், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போன வருடம் ஒரு தம்பதி டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். பாலு கா கேராவில் அந்தப் பெண்ணுக்குத் தலைவலி, வாந்தி. வழிகாட்டியோடு சிக்காவுக்கு இறங்கி, அங்கேயே ஒரு நாள் தங்கி, இருவரும் மணாலி திரும்பினார்கள். கணவாயைப் பார்க்கவில்லை. சென்ற வாரம் மறுபடியும் வந்தார்கள், ஜூனில் போகிறார்களாம். நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் சொன்னார், "வியாழக்கிழமைதான் டாக்டர் திரும்புறோம்."