மழைக்காலத்துக் காய்ச்சலும் புதர்க்காட்டுப் பூச்சியும்

ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து தை, மாசி வரை எங்கள் காய்ச்சல் வார்டில் சிலர் இருந்துகொண்டே இருப்பார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, ஆனாலும் காய்ச்சல் விடாது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ரெண்டு வாரமா எங்கெல்லாம் போனீங்க?" என்றுதான். ஆடு மேய்த்தேன், புல் அறுத்தேன், கொல்லைப்பக்கம் ஒதுங்கினேன் என்று பதில் வந்தால், ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும்.

இதன் கிருமி நுண்ணிய ஒரு பூச்சிக்குள் வாழ்கிறது. அந்தப் பூச்சி குஞ்சுப் பருவத்தில் மட்டும், பெரும்பாலும் ஒரே தடவை, எலியையோ மனிதரையோ கடிக்கும். வளர்ந்தபின் மண்ணில் கிடந்து பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். அப்புறம் கிருமி எப்படித் தொடர்கிறது? தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. மழையில் புதர் தழைக்க, எலிகள் பெருக, பூச்சியும் பெருகும். அந்தப் புதருக்குள் கால் வைக்கிறவருக்கு நோய். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றாது. நோயாளியை யாரும் ஒதுக்கிவைக்க வேண்டாம்.

கடி வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. அது இருப்பது அக்குளில், மார்பகத்துக்கு அடியில், தொடையிடுக்கில், பாவாடை நாடா இறுகும் இடத்தில். பலருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்த பெண்களும் கூச்சத்தில் சொல்வதில்லை. நெரிசலான ஓ.பி.யில் மருத்துவர்களும் துணியை விலக்கிப் பார்ப்பதில்லை. என் ஆதங்கமெல்லாம் இதில்தான். எல்லோருக்கும் பொருக்கு வராது என்பதும் உண்மை. அது இல்லையென்பதால் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்து வளர்வதால் பென்சிலின் வகை மருந்துகள் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஏற்றுவது மேல் என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடுப்பூசி கிடையாது. வயலுக்கோ புதர்ப்பக்கமோ போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள், தரையில் துணி விரிக்காமல் படுக்காதீர்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவரோ செவிலியரோ உடம்பைப் பார்க்கட்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.