மங்கு ஏன் தேய்த்தால் போவதில்லை

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம் முடிவதற்குள் முகத்தில் மங்கு விழுந்துவிட்டது. முதலில் மேலுதட்டுக்கு மேலே மெல்லிய நிழல். அப்புறம் இரண்டு கன்ன மேட்டிலும் டீத்தூள் நிறத்தில் ஒரு திட்டு, ஓரமெல்லாம் கோணல்மாணலாக. பிள்ளை பிறந்தால் தானாகப் போய்விடும் என்றார்கள். பலருக்குப் போகவும் போகும். அக்காவுக்குப் போகவில்லை. பயத்தமாவு, தயிர், எலுமிச்சைச் சாறு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். "தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்குதுடி" என்று ஒருநாள் போனில் அழுதாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஓதம் ஏறிய சுவரைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுண்ணாம்பைச் சுரண்டினால் ஈரம் போகாது, அது அடியிலிருந்து ஊறி வருகிறது. மங்கும் அப்படித்தான். டாக்டர்கள் மெலாஸ்மா என்று சொல்லும் இந்த நிறம் தோலின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. அது உள்ளே தயாராகி மேலே வருகிறது.

தயாராகும் இடம் மேல்தோலின் கடைசி அடி வரிசை. அங்கே சாதாரணத் தோல் செல்களுக்கு நடுநடுவே மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விரல் விரலாகக் கிளைகள். அந்தக் கிளைகள் வழியாக ஒரு நிறமிச் செல் தன்னைச் சுற்றியுள்ள 30, 40 தோல் செல்களுக்கு நிறம் கொடுக்கிறது. பருப்பு, பால் போன்ற உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் மூலப்பொருள். அதை மெலனினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. இந்த நொதியின் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் வேலை நடக்காது. இந்தச் செம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கெட்ட செய்தியில் இது திரும்ப வரும்.

தயாரான மெலனின் பொடிப்பொடிப் பொட்டலங்களாகத் தோல் செல்களுக்குக் கைமாறுகிறது. அங்கே போய்ச் சும்மா இறைந்து கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை பிடித்தாற்போல் அடுக்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைப் புற ஊதாக் கதிர் கெடுக்காமல் காக்கும் ஏற்பாடு இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும் இடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலங்களின் அளவும் அவை பரவும் விதமும்தான் வேறு.

மங்கு விழுந்த இடத்தில் இந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுவதில்லை. இருப்பவையே ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. அவை பருத்து, கிளைகள் நீண்டு, பொட்டலங்களை அள்ளி அள்ளிக் கொடுக்கின்றன. அடியிலும் சில மாற்றங்கள் நடக்கின்றன. மேல்தோலையும் உள்தோலையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு நைந்துபோகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. சவ்வில் ஓட்டை விழுந்தால் நிறமி உள்தோலுக்குள் இறங்கிவிடும். மேல்தோலில் இருக்கும் நிறம் செல்கள் உதிரும்போது கூடவே போய்விடும். உள்தோலுக்குள் இறங்கியதை எந்தக் களிம்பாலும் எளிதில் எட்ட முடியாது. ஒரே மருந்து பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டு, நமக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, அந்தச் செல்களை இப்படி ஓட ஓட வேலை வாங்குவது எது? ஒன்று பரம்பரை. இரண்டாவது ஹார்மோன்: கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏறும்போதும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் மங்கு தலைகாட்டுகிறது. அதனால்தான் பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது, ஆண்களுக்கும் வருவது உண்டு. மூன்றாவது வெளிச்சம். எங்கள் வேலூரை வெயிலூர் என்று சொல்வார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. காட்பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டியில் போகும் பெண்ணின் முகத்தில், மூக்கு, கன்ன மேடு, நெற்றி என்று எங்கெல்லாம் வெயில் நேராக அறைகிறதோ, ஏறக்குறைய அங்கெல்லாம்தான் மங்கும் விழுகிறது. வெயில் மட்டுமில்லாமல் சூடும் மங்கைத் தூண்டும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அடுப்படியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. நிறமிச் செல்லைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை. நாம் பார்க்கும் சாதாரண வெளிச்சத்தில் உள்ள ஊதாவும் நீலமும்கூடத் தூண்டும், அதுவும் நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில்தான் அதிகமாக. நிறமிச் செல்லில் ஆப்சின்-3 என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒரு வகையில் அந்தச் செல்லுக்கும் கண் இருக்கிறது என்று சொல்லலாம். நீல வெளிச்சம் பட்டால் அது உணர்ந்து டைரோசினேஸை முடுக்கிவிடுகிறது. இந்த வெளிச்சம் பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும், வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் வழியாகவும் பெரும்பகுதி உள்ளே போய்விடும். "நான்தான் தினமும் சன்ஸ்கிரீன் போடுகிறேனே, ஏன் போகவில்லை?" என்று கேட்கும் பெண்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

அதைத் தடுக்கும் பொருள் நமக்குப் புதிதில்லை, இரும்பு ஆக்சைடு. கோயில் மதிலில் பட்டை பட்டையாக அடிக்கிறோமே, அந்தக் காவிக்கு நிறம் கொடுப்பது அதுதான். தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீன்களில் சுத்திகரித்த இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. மங்கு உள்ளவர்கள் வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் இருக்கிறதா என்பதோடு, அட்டையில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. பொட்டு அளவு எடுத்துத் தடவினால் போதாது. வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். குடையும் துப்பட்டாவும் கூடவே இருக்கட்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் மருந்து மட்டும் போடுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான்.

மருந்துகளின் கதை எங்கள் ஊருக்குப் பொருத்தமான இடத்தில் தொடங்குகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆர்க்காடு முழுக்கத் தோல் பதனிடும் டேனரிகள். அமெரிக்காவில் இதேபோல ஒரு டேனரியில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. ரப்பர் கெடாமல் இருக்க அதில் சேர்த்திருந்த ஒரு ரசாயனம்தான் காரணம் என்று 1939-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது, மங்குக் களிம்புகளில் சேர்க்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தின் உறவுக்காரப் பொருள். அந்தக் கையுறை ரசாயனம் நிறமிச் செல்லையே கொன்றுவிடும், போன நிறம் திரும்பாது. ஆனால் ஹைட்ரோகுவினோன் அந்த அளவுக்குப் போகாமல் டைரோசினேஸின் வேலையை மட்டும் தடுக்கிறது. நிறுத்தினால் செல் பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். இன்றுவரை மங்குக்கு முதன்மையான மருந்து இதுதான். அதையும் கணக்கில்லாமல் வருஷக்கணக்கில் போட்டால் தோல் சாம்பல் நீலமாகக் கறுத்துப்போகும் ஒரு நிலை வரும், அதை மாற்றுவது மிகக் கடினம். அதனால்தான் சில மாதம் போட்டு, இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோனோடு ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ட்ரெட்டினாயின் மேல்தோல் செல்களைச் சீக்கிரம் உதிரவைக்கும், ஸ்டீராய்டு மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கும். நல்ல யோசனை. இன்றும் டாக்டர் கண்காணிப்பில், கர்ப்பிணிகளைத் தவிர்த்து, எட்டு வாரம் போலக் கொடுக்கிறார்கள்.

அந்த நல்ல யோசனைதான் நம் ஊரில் பெரிய கேடாகவும் ஆனது. மூன்றும் கலந்த ட்யூப், வீரியம் கூடிய ஸ்டீராய்டோடு, மருந்துக்கடைகளில் முகப்பூச்சு போலக் கைமாறுகிறது. என் அக்காவுக்கும் ஒரு கடையில் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தார்கள், சீட்டு கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று ஆனது. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமி உற்பத்தியையும் அடக்கும், அதன் பளபளப்பு அது. நான்காம் மாதம் கன்னத்தில் சிவப்பு நூல்கள் போல ரத்தக் குழாய்கள் தெரிந்தன. பருக்கள் வந்தன, முகத்தில் ரோமம் வளர்ந்தது. ட்யூபை நிறுத்திய மூன்றாம் நாள் முகம் தீப்பட்டது போல் எரிந்தது, உடனே மறுபடி தடவினாள். இந்தச் சுழலுக்குள் மாட்டியவர்கள் எத்தனையோ பேர். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்காக வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறார்கள். இங்கேயே இருக்கும் நாம் தெருமுனைக் கடையில் ட்யூப் வாங்குகிறோமே என்பது என் ஆற்றாமை.

இதைவிட மோசமானது பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மேலே சொன்ன அந்தச் செம்பின் இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொண்டு நொதியை முடக்குகிறது. முகம் வெளுக்கும். கூடவே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் தங்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்த பலர் இப்படிப்பட்ட க்ரீம் தடவியவர்கள் என்று தெரியவந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். கடைசியில் எங்கள் பெண்களின் முகத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்ப்பார்கள். கோட்டைக் கோயிலின் சாமியான ஜலகண்டேஸ்வரரை 1981-லேயே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கடைசி வரியை இன்னும் கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் அந்த ட்யூபை ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. தேமல் வந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று ஆராய்ந்தபோது, தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்கும் அஸிலெயிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. அந்த அமிலம் இப்போது மங்குக்குக் களிம்பாக வருகிறது. வேலை செய்யக் கொஞ்சம் நாளாகும், ஆனால் டாக்டர் சொன்னால் கர்ப்பிணிகளும் போடலாம். இன்னொன்று ட்ரானெக்ஸாமிக் அமிலம். அதிக ரத்தப்போக்குக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். ஜப்பானில் 1979-ல் தோல் தடிப்புக்காக இதைக் கொடுத்த ஒரு மருத்துவர், நோயாளியின் மங்கும் மங்கியதைக் கவனித்தார். ரத்தக் கட்டு வந்தவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. லேசரைப் பொறுத்தவரை, நம் நிறத் தோலில் அந்தச் சூடே புதுக் கறுப்பை உண்டாக்கலாம். முதல் வைத்தியமாக அதற்குப் போகாதீர்கள்.

எல்லாக் கறுப்பும் மங்கு இல்லை. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நெற்றி ஓரம் கறுத்தால் தலைச்சாயத்தையும் குங்குமத்தையும் சந்தேகிக்கலாம். எலுமிச்சையில் இருக்கும் ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும். அக்காவின் கன்னம் கறுத்ததில் அந்தச் சாற்றுக்கும் தேய்ப்புக்கும் பங்கு உண்டு என்றுதான் தோல் டாக்டர் சொன்னார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு முகத்தில் எந்தத் திட்டைக் கண்டாலும் பயம் வரும். தொழுநோய்த் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், தொட்டால் பெரும்பாலும் உணர்ச்சி தெரியாது. மங்கில் அப்படி எதுவும் இல்லை.

அடி வரிசையில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எந்த நல்ல மருந்துக்கும் குறைந்தது இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டியிருப்பது இதனால்தான். அக்காவுக்கு ஸ்டீராய்டிலிருந்து மெல்ல மெல்ல விடுபடவே அரை வருஷம் ஆனது. அப்புறம் அஸிலெயிக் அமிலமும் டின்டட் சன்ஸ்கிரீனும். இப்போது ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் திட்டு தெரியாது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மனின் தலையை ஏந்தி வரும் சிரசு ஊர்வலத்துக்கு, உச்சி வெயிலில், ஊரே தெருவில் நிற்கும். அவள் குடையோடு போவாள், அப்படியும் அந்த மாதக் கடைசியில் கன்னம் லேசாகக் கறுக்கும். கார்த்திகை மழைக்குள் மறுபடி வெளிறிவிடும். போன வருஷம் சிரசு முடிந்து இரண்டாம் நாள் போனில் சொன்னாள்: "கொஞ்சம் கறுத்திருக்குடி, பரவாயில்லை. சிரசு நல்லா பார்த்தேன்."