தாமரைத் தொட்டியும் டெங்குக் காய்ச்சலும்

ஐப்பசி மழை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதற்குள் டெங்கு வந்த இன்னொரு வீடு. மாமர நிழலில் சீமெந்து இருக்கை, பக்கத்தில் தாமரைத் தொட்டி, மதிலோரம் நிறம் பூசித் தொங்கவிட்ட டயர்களுக்குள் பூக்கன்றுகள். மனம் ஆறுதலாக இருக்க ஓர் இடம் வேண்டுமென்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரி வார்ட்டில், பேரனுக்கும் காய்ச்சல்.

“தம்பி, எங்கட வளவில ஒரு குப்பை கிடக்கோ பாருங்கோ. ரோட்டு வாய்க்காலைப் போய்ப் பாருங்கோ, அங்கதான் நுளம்பு” என்றார் வீட்டுக்கார அம்மா.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் போகும் வளவுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். குப்பை இல்லை என்பது உண்மை. தொட்டித் தண்ணீரில் ஒரு கரண்டி அள்ளி வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் காட்டினேன். குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், நெளிந்துகொண்டு மேலே வந்தன. என் கை நிழல் விழுந்ததும் எல்லாம் அடிக்குப் போய்விட்டன. அம்மா அதன் பிறகும் வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்க்காலிலும் மலசலகூடக் குழியிலும் பெருகுவது கியூலெக்ஸ் என்ற நுளம்பு. இரவில் காதருகே வந்து இரைவது அதுதான். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் வேறு இனம். அது பகலில், அதுவும் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் கூடுதலாகக் கடிக்கும். முட்டையிட அதற்குச் சாக்கடை வேண்டாம், ஒரு கொள்கலனில் அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீர் போதும். நீங்கள் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, நிழலில் வைத்த தொட்டி அதற்கென்றே செய்தது மாதிரி. “எங்கட வீடு துப்புரவு” என்பது டெங்கு விஷயத்தில் பதிலே இல்லை. வாய்க்காலை அள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதை அள்ளிவிட்டு வந்து தாமரைத் தொட்டிக்குப் பக்கத்தில் பின்னேரத் தேத்தண்ணியோடு இருந்தால், அது கடிக்கும் நேரத்தில் நீங்களே போய்க் காலை நீட்டுகிறீர்கள்.

இன்னொரு நம்பிக்கை தீவுப் பக்கமும் கரையோரமும் கேட்பது: “எங்கட தண்ணி உவர், நுளம்பு பெருகாது.” பெருகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உவர்நீர்க் கிணறுகளிலேயே ஈடிஸ் குடம்பிகளைக் கண்டு எழுதி ஒரு தசாப்தத்துக்கு மேலாகிறது.

தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் முடிந்தது என்பவர்களுக்கும் ஒரு சொல். ஈடிஸின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தேயிலைத் தூள் சிதறியது போலத் தெரியும், பலர் அழுக்கென்றே நினைக்கிறார்கள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மாசியில் கவிழ்த்து அடுக்கிய பூச்சாடித் தட்டை ஐப்பசியில் எடுத்து வைக்கிறீர்கள், மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கிறது. பிறகு ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் நுளம்பு. அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்கிறோம். ஊற்றிவிட்டு, தும்பாலோ பிரஷாலோ உட்சுவரை உரஞ்சுங்கள்.

தோட்டமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தாமரைத் தொட்டியில் குடம்பி தின்னும் கப்பி மீன் நாலு விடுங்கள், அவை உயிரோடு நிற்கின்றனவா என்று இடைக்கிடை பாருங்கள். நீரூற்று ஓடினால் பிரச்சினை குறைவு. கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தினால் அது வெறும் தொட்டி. சாடித் தட்டுகளில் மணல் போடுங்கள். மூங்கில் வேலியின் வெட்டுவாய்களையும் மணலால் அடையுங்கள், அதற்குள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. டயரா? தயவுசெய்து கழற்றுங்கள். ஓட்டை போட்டோம் என்பவர்களின் டயர்களிலும் வளைவுக்குள் தண்ணீர் நிற்பதைக் கண்டிருக்கிறேன். இருக்கைக்கு மேலே கூரைப் பீலியில் மாவிலை அடைத்திருக்கும், ஏணி வைத்துப் பாருங்கள்.

“புகை எப்ப அடிக்க வருவீங்கள்?” என்று கேட்காதீர்கள். புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். குடம்பி தொட்டிக்குள் சுகமாக இருக்கும். 2017இல் இலங்கை முழுவதும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கென்று பதிவான ஆண்டிலும் புகை அடித்துக்கொண்டுதான் இருந்தோம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவுக்குள் நுளம்பு பெருகவிட்டால் பொறுப்பு வளவுக்காரருடையது. அறிவித்தலை நீட்டினால் கோபிக்கிறீர்கள். எனக்கும் அதில் சந்தோஷமில்லை.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது. மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டதென்று வீட்டில் படுக்கவும் வேண்டாம், ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கலாம். வயிற்றுநோ, தொடர் சத்தி, சலம் குறைவது என்று ஏதும் கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வளவை அழகாக்கிவிட்டு, புரட்டாதியில் பூட்டிக்கொண்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் திரும்பும் உறவுகளுக்கு. மாரி முழுக்க உங்கள் தொட்டி மழையில் நிரம்பி நிற்கிறது, காய்ச்சல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. மதிலேறிக் குதிக்க எங்களுக்கு வயசுமில்லை. போகும்போது தொட்டிகளை வெறுமையாக்கிக் கவிழ்த்துவிட்டு, கேற்றுத் திறப்பை அயலில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.