ஃப்ரீசரில் பனி எங்கே படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பக்ரீத் முடிந்த மறுநாள் காலையிலிருந்து என் கைப்பேசிக்கு ஓய்விருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பல ஊர்களிலிருந்து அழைப்புகள் வரும். பேசுகிறவர்கள் வேறானாலும் பேச்சு ஒன்றுதான்: "ஃப்ரீசர் கூலிங் ஆகல, கறி கெட்டுடும் போலிருக்கு, உடனே வாங்க." இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலூரைச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் பழுதாகி இருப்பதில்லை. முந்தைய நாள் மாலையில் இருபது, முப்பது கிலோ இறைச்சியை வெட்டிய சூட்டோடு ஒரே நேரத்தில் உள்ளே அடுக்கியிருப்பார்கள். கம்ப்ரஸர் இரவு முழுவதும் நிற்காமல் ஓடியிருக்கும், காலையில் தொட்டுப் பார்த்தால் கறி இன்னும் மெத்தென்று இருக்கும்.

ஃப்ரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ, அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை எடுத்தால்தான் அந்த 0 டிகிரித் தண்ணீர் பனிக்கட்டியாகும். இறைச்சியில் பெரும்பகுதி நீர்தான் என்பதால், கறி சில்லிட்டபின்னும் உறையாமல் நெடுநேரம் அப்படியே நிற்பது இயற்கையே. பெட்டியின் பின்புறமோ உட்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டில் 24 மணி நேரத்தில் எத்தனை கிலோவை உறைய வைக்கும் என்ற அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பாருங்கள். அது பெட்டியின் கொள்ளளவைவிட மிகக் குறைவாக இருக்கும். இருநூறு லிட்டர் இடமிருப்பதால் இருநூறு லிட்டருக்கும் ஒரே இரவில் கறியை நிரப்பிவிடலாம் என்று நினைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. முதல் நாளே குமிழைக் கூடுதல் குளிருக்குத் திருப்பி வைத்து, கறியைச் சாதாரண ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் ஆறவிட்டு, அரைக் கிலோ அல்லது ஒரு கிலோ அளவில் தட்டையான பொட்டலங்களாகக் கட்டி, இடைவெளி விட்டு, இரண்டு மூன்று தவணைகளில் வைத்தால், எனக்குத் தரவேண்டிய கூலி உங்களுக்கு மிச்சம்.

ஆனால் எல்லா அழைப்பும் அப்படியல்ல. உண்மையான பழுதுகளும் இருக்கின்றன. அவற்றை அறிய மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து, பனி எங்கே படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்று ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அலமாரி போல நிமிர்ந்து நிற்கும் ஃப்ரீசர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், பொருள் வைக்கும் தட்டுகளே குளிரூட்டும் குழாய்களாக இருக்கும். பனி அந்தத் தட்டுகளின்மேல் நேரடியாகப் படியும், அதை நாம்தான் அவ்வப்போது கரைக்க வேண்டும். இன்னொரு வகை, பனி படியாதது என்று கடைக்காரர் சொல்லி விற்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. அதில் குளிரூட்டும் 'காயில்' என்னும் சுருள் குழாய் பின்பலகைக்கு உள்ளே மறைந்திருக்கும். ஒரு சிறிய ஃபேன் குளிர்ந்த காற்றை அறைக்குள் தள்ளும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானாக எரிந்து காயிலின் பனியைக் கரைத்து, நீரைக் கீழே ஒரு சிறு துளை வழியாக வெளியேற்றும். பனி அதிலும் படியத்தான் செய்கிறது; நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

முதல் வகையில் எல்லாத் தட்டுகளிலும் ஒரே சீராகப் பனி படிந்திருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பனி முழுவதும், கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்த ஈரக்காற்றும், மூடாமல் வைத்த குழம்புப் பாத்திரங்களிலிருந்து எழுந்த ஆவியும்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது விரைவாகத் தடிக்கும். கதவின் ஒரு மூலையை ஒட்டி மட்டும் பனி குவிந்திருந்தால், அந்த மூலையில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் சரியாக ஒட்டவில்லை. ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் நழுவி வந்தால் காற்றும் அதே வழியாகத்தான் போய்வருகிறது. புதிய கேஸ்கெட் வாங்குவதற்கு முன் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் அதன் மடிப்புகளைத் துடைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி விரலால் நீவிவிட்டால், பல வீடுகளில் அதுவே மீண்டும் படிந்துவிடுகிறது. கடைசியாக நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்தால் ரப்பரில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தி வைத்தால் பாதி திறந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. முதல் ஒன்றிரண்டு தட்டுகளில் மட்டும் பனி இருந்து, மற்றவை ஈரமாகவோ வெறுமையாகவோ இருந்தால், குழாய்க்குள் சுற்றிவந்து குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது கேப்பிலரி டியூப் என்னும் முடிபோன்ற மெல்லிய குழாயில் பாதி அடைப்பு உண்டாகியிருக்கிறது என்று பொருள். கேஸ் ஒவ்வொரு தட்டாகக் கடந்து செல்வதால், அளவு குறைந்தால் தொடக்கத்திலேயே தீர்ந்துபோய்விடும். சிலரது வீட்டில் ஃப்ரீசர் ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் குளிராது, அணைத்துவைத்து மீண்டும் போட்டால் சரியாகிவிடும். அது, உள்ளே புகுந்த ஈரம் கேப்பிலரியின் முனையில் உறைந்து அடைத்து, பின்பு கரைந்து வழிவிடுவதன் விளைவு. எங்கள் தொழிலில் இதைச் சோக் என்போம். கம்ப்ரஸர் ஓடுகிறது, எந்தத் தட்டிலும் துளிப் பனிகூட இல்லை என்றால், கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது, அல்லது கம்ப்ரஸர் அழுத்தத்தை இழந்துவிட்டது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பின்பலகையின்மேல் வெள்ளைப் பாளமாகப் பனி எழும்பியிருந்தால், தானாகக் கரைக்கும் ஏற்பாடு நின்றுவிட்டது. ஹீட்டர், அதற்கு அருகில் சூட்டை உணரும் பைமெட்டல் சுவிட்ச் அல்லது சென்சார், டைமர் அல்லது எலக்ட்ரானிக் போர்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கும். பெட்டியை ஒரு நாள் முழுக்க அணைத்துத் திறந்துவைத்த பிறகு போட்டால் சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, மீண்டும் அதே நிலைக்கு வந்தால் இது உறுதி. இந்தப் பழுதுக்கும் கேஸுக்கும் தொடர்பே இல்லை. அடித்தளத்தில் பனிக்கட்டி பலகைபோல் உறைந்து, வெளியே தரையில் நீர் வடிந்தால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. பெட்டியை அணைத்துக் கட்டியைக் கரையவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. சத்துவாச்சாரியில் ஒரு மூதாட்டி என்னிடம், "ஏம்பா, வருஷா வருஷம் கேஸ் போடணும்தானே?" என்று கேட்டார். ஒவ்வொரு கோடையிலும் ஒருவர் வந்து கேஸ் நிரப்பிப் பணம் வாங்கிச் சென்றிருக்கிறார். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் அல்ல, எரிந்து தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போடுவது உடைந்த குடத்தில் நீர் மொள்வதுதான். இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன். அது ஓசோன் படலத்தைக் கெடுக்காது, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் எளிதில் தீப்பற்றும். ஒரு பெட்டியில் இருப்பது சில பத்து கிராம்கள் மட்டுமே என்பதால், கைப்பதத்தில் போட முடியாது; எடைக்கருவியில் நிறுத்துத்தான் போட வேண்டும். எனவே வருகிறவர் ஓட்டையைக் காட்டுகிறாரா, ஃபில்டரை மாற்றுகிறாரா, வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுகிறாரா, எடை பார்த்துப் போடுகிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். தகட்டில் ஆர்-600ஏ என்றிருக்கும் பெட்டியின் குழாயில், உள்ளே கேஸ் இருக்கும்போதே எவராவது நெருப்புச் சுடரை நீட்டினால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓட்டை எப்படி விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த தட்டு ஓட்டைகளில் அநேகம் கத்தி, ஸ்க்ரூடிரைவர், தோசைத் திருப்பி ஆகியவற்றால் விழுந்தவை. பனி ஐந்தாறு மில்லிமீட்டர் தடித்தவுடனே கரைத்துவிட்டால் சுரண்ட வேண்டிய தேவையே வராது. உள்ளே இருக்கும் பொருள்களைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்தோ, செய்தித்தாளில் சுற்றிப் போர்வைக்குள் நெருக்கி வைத்தோ பாதுகாத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீரைத் துணியின்மேல் உள்ளே வையுங்கள். எதிரே ஒரு டேபிள் ஃபேனைச் சுழலவிட்டால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் பாளம் பாளமாக விழத் தொடங்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஓடவிட்டு, உள்ளே குளிர் ஏறிய பிறகு பொருள்களை வையுங்கள். சுரண்டும்போது எப்போதாவது 'உஸ்' என்று ஓசை கேட்டால் சுவிட்ச் எதையும் தொடாமல், அடுப்பு எரிந்தால் அணைத்து, சன்னல்களையும் கதவுகளையும் திறந்துவிட்டு, வீட்டுக்கு வெளியே மீட்டர் பெட்டியில் இணைப்பைத் துண்டியுங்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையை ஒட்டித் தங்கும்.

இனி இடத்தைப் பற்றி. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. குளிர்சாதனப் பெட்டிகளின் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும்: 'என்' என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை. நம் மாவட்டத்துக்கு 'டி' தவிர வேறெதையும் வாங்காதீர்கள். 'டி' வகுப்பே ஆனாலும், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் மே மாதப் பிற்பகலில் அது தோற்றுத்தான் போகும். அப்படி ஓர் அறையில் வைத்திருந்த ஃப்ரீசரை இரண்டு பேர் பார்த்துக் கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு இறக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன், மறுநாள் மைனஸ் 18 காட்டியது. அதற்குக் கூலி கேட்க எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பக்கச் சுவர்கள் சூடாக இருக்கின்றன என்று பயந்து அழைப்பவர்களும் உண்டு. புதிய பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கத் தகடுகளுக்கு உள்ளேயே ஓடுவதால் அந்தச் சூடு இருக்கத்தான் வேண்டும். அதன்மேல் துணி போர்த்துவதும் அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பதும்தான் தவறு. பின்புறம் கம்பிவலை போன்ற காயில் உள்ள பழைய பெட்டியானால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் தூசியைத் தட்டிவிடுங்கள். அந்த வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் எலியும் வரும். போர்டின்மேல் செத்துக் கிடந்த பல்லியால் நின்றுபோன பெட்டிகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

வெயில் ஏறும் அதே நாட்களில் தெருவெல்லாம் ஏசி ஓடுவதால் இரவில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் சாதாரணக் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகும். சில நொடிகளில் 'டிக்' என்ற ஓசையுடன் பாதுகாப்புச் சுவிட்ச் அதை அணைக்கும். ஆறியபின் மீண்டும் முனகும். இந்த ஓசை கேட்டால் உடனே அணைத்துவிட்டு வோல்டேஜைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் ஓசை தொடர்ந்தால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயோ கப்பாசிட்டரோ போயிருக்கலாம். அவை சில நூறு ரூபாய்ப் பொருள்கள், அவற்றைச் சோதிக்காமல் கம்ப்ரஸர் மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஸ்டெபிலைசர் வாங்கினால், மின்சாரம் திரும்பியபின் மூன்று நிமிடமாவது தாமதித்துக் கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குழாயின் இரு பக்கத்து அழுத்தமும் சமமாவதற்கு அந்த நேரம் தேவை. மூன்று முள் பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாமல் எக்ஸ்டென்ஷன் வயரில் ஃப்ரீசரை ஓட்டவே கூடாது.

மின்தடை வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் கோடைக்கு அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் வீட்டார் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் நடுவில் எதுவும் கரையவில்லை. நாணயம் கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடந்தால், கறி இப்போது கல்லைப்போல் இருந்தாலும் இடையில் முழுவதும் கரைந்து, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்ததோ தெரியாமல் மீண்டும் உறைந்திருக்கிறது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் அதை வெளியே போட்டுவிடுங்கள்.